யாருக்கு முன்னே, யாருக்குப் பின்னே? நூற்றுமானம் என்னும் அளவின் வரலாறு

தமிழில் மானம் என்ற சொல்லுக்கு அளவு என்றும் பொருள் உண்டு. பெருமை என்றும் பொருள் உண்டு. புள்ளியியல் பாடநூல்கள் 'பெர்சென்டைல்' என்பதை நூற்றுமானம் என்று தமிழாக்கியபோது முதற்பொருளே கருத்தில் இருந்திருக்கும். ஆனால் அந்த எண் ஒரு மாணவனின் தேர்வு முடிவுத் தாளில் அச்சாகி வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டாம் பொருளிலேயே வாசிக்கப்படுகிறது. 62 என்று கண்டால், நூற்றுக்கு 62 மதிப்பெண்தானா என்று முகம் வாடுவோர் உளர். 90 என்று கண்டால், பாடத்தில் தொண்ணூறு பங்கு தெரிந்துவிட்டது என மகிழ்வோரும் உளர். இரண்டுமே தவறான வாசிப்புகள். இந்த எண் எங்கே பிறந்தது, பள்ளிக்கூடத்திற்குள் எப்படி வந்தது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 40 வினாக்கள் கொண்ட தேர்வில் ஒரு சிறுமி 30 வினாக்களுக்குச் சரியாக விடையளித்தால் அவள் பெற்றது 75 விழுக்காடு. அது அவளுக்கும் வினாத்தாளுக்கும் இடையிலான கணக்கு. அதே தேர்வை எழுதிய 1000 பேரில் 620 பேர் அவளைவிடக் குறைவாகப் பெற்றிருந்தால் அவளுடைய நூற்றுமானம் 62. இது அவளுக்கும் பிற பிள்ளைகளுக்கும் இடையிலான கணக்கு. முன்னது அறிவைப் பற்றி ஏதோ சொல்ல முயல்கிறது. பின்னது வரிசையில் நிற்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. வினாத்தாள் கடினமாக இருந்தால் விழுக்காடு சரியும். நூற்றுமானம் அப்படியே நிற்கக்கூடும். உடன் எழுதியவர்கள் மாறினால் விழுக்காடு மாறாது, நூற்றுமானம் மாறிவிடும். ஆகவே நூற்றுமானத்தைக் கண்டவுடன் எழவேண்டிய முதல் வினா 'எவ்வளவு?' என்பதன்று, 'யாரோடு ஒப்பிட்டு?' என்பதே. இந்த அளவின் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு முழுவதும் அந்த வினாவை மறந்ததன் வரலாறாகவும் நினைவூட்டப்பட்டதன் வரலாறாகவும் அமைந்திருக்கிறது.

வரிசையில் நிறுத்திய மனிதர்

பெர்சென்டைல் என்ற ஆங்கிலச் சொல்லை 1885இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் கால்ட்டன். சார்லஸ் டார்வினின் உறவினர். எதையும் எண்ணிப் பார்க்காமல் விடாதவர். 1869இல் வெளிவந்த தம் நூலொன்றில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வின் மதிப்பெண்களை அவர் ஆராய்ந்தார். மொத்தம் 17,000 மதிப்பெண்கள் கொண்ட அத்தேர்வில் முதலிடம் பெற்றவர் 7,500க்கு மேல் எடுத்திருந்தார். முதல் வகுப்பின் கடைசியில் நின்றவர் ஏறத்தாழ 1,500. சிறப்புப் பட்டியலின் கடைசி மனிதர் 300க்கும் குறைவு. ஒரே பட்டியலில் இடம்பெற்றவர்களுக்கிடையே இத்தனை பெரிய இடைவெளி இருப்பதைக் கண்டு அவர் வியந்தார். வரிசை எண் மறைக்கும் தொலைவைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் அவர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஏனெனில் பின்னாளில் வரிசை எண்ணுக்கு வாழ்வளித்தவரும் அவரே.

1875இல் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு கூட்டத்தை அறிய அனைவரையும் அளக்க வேண்டியதில்லை. சிறியதிலிருந்து பெரியதாக அவர்களை வரிசைப்படுத்திவிட்டால், நடுவில் நிற்பவரையும், கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் நிற்பவர்களையும் அளந்தாலே கூட்டத்தின் இயல்பு புலப்பட்டுவிடும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. அளவுகோலே இல்லாத பண்புகளையும், இவர் அவரினும் மேல் என்று ஒப்பிட முடிந்தால் போதும், வரிசைப்படுத்திவிடலாம். உயரத்தை அங்குலத்தில் சொல்லலாம். அறிவை எந்த அலகில் சொல்வது? அலகு இல்லாத இடத்தில் வரிசையே அலகாகிறது. நூற்றுமானத்தின் கவர்ச்சியும் ஆபத்தும் இங்கே ஒன்றாகவே பிறந்தன எனலாம்.

1884இல் லண்டன் தெற்குக் கென்சிங்டனில் நடந்த பன்னாட்டுச் சுகாதாரக் கண்காட்சியில் கால்ட்டன் ஓர் அளவைக்கூடம் அமைத்தார். மூன்று பென்ஸ் கட்டணம் செலுத்தி உள்ளே சென்றவர்களின் உயரம், எடை, கைப்பிடி வலிமை, பார்வைக் கூர்மை, கேள்திறன் முதலியவை பதிவு செய்யப்பட்டன. 9,337 பேர் அளக்கப்பட்டனர். அந்த முடிவுகளை அடுத்த ஆண்டு வெளியிட்டபோதுதான் நூற்றுமான அட்டவணைகள் அச்சேறின. தம் கைவலிமையை அறிந்த ஒருவர் அட்டவணையைப் பார்த்து, நூறு பேரில் தாம் எங்கே நிற்கிறோம் எனத் தெரிந்துகொள்ளலாம்.

மனிதர்களை மேலோர் கீழோர் என வகைப்படுத்தி, மேலோரின் இனத்தைப் பெருக்கவேண்டும் என்ற கொள்கைக்கு 1883இல் யூஜெனிக்ஸ் எனப் பெயரிட்டவரும் இதே கால்ட்டன்தான். ஒரு கணித உத்தியை அதை உருவாக்கியவரின் கொள்கைக்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் மனிதரை வரிசையில் நிறுத்தும் வேட்கை எத்தகைய மண்ணில் முளைத்தது என்பதை அறிந்திருப்பது நல்லது.

பள்ளிக்கூடத்திற்குள் நுழைந்த விதம்

அமெரிக்கப் பள்ளிகளில் பொதுவான அச்சு வினாத்தாள் கால்ட்டனுக்கு முன்பே வந்துவிட்டது. 1845இல் பாஸ்டன் நகரில், அதுவரை வாய்மொழியாக நடந்துவந்த ஆண்டுத் தேர்வுக்கு மாற்றாக, ஒரே வினாக்களை அச்சிட்டு இலக்கணப் பள்ளிகளின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உயர்நிலை மாணவர்களிடம் கொடுத்தனர். மாசச்சூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலர் ஹோரஸ் மானும் அவருடைய நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹோவும் இதன் பின்னணியில் இருந்தனர். பள்ளியாசிரியர்களுக்கும் மானுக்கும் அப்போது கடும் கருத்துப்போர் நடந்துகொண்டிருந்தது. முடிவுகள் மோசமாக வந்தன. பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட்ட அட்டவணைகள் வெளியாயின. பொதுத் தேர்வு தொடக்கத்திலேயே மாணவரை அறியும் கருவியாக மட்டுமின்றி, ஆசிரியரைக் கணக்குக் கேட்கும் கருவியாகவும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கால்ட்டனின் வரிசையும் பாஸ்டனின் வினாத்தாளும் கைகோத்தது இருபதாம் நூற்றாண்டில். முதல் உலகப் போரின்போது, 1917-18இல், அமெரிக்கப் படையில் சேர்ந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேருக்கு அறிவுத்திறன் தேர்வு நடத்தப்பட்டது. கூட்டங்கூட்டமாக, குறைந்த நேரத்தில், ஒரே முறையில் தேர்வு நடத்தித் திருத்திவிட முடியும் என்ற நம்பிக்கையை அது விதைத்தது. அப்பணியில் பங்குகொண்ட லூயிஸ் டெர்மன், ட்ரூமன் கெல்லி, கைல்ஸ் ரக் ஆகிய இருவருடன் சேர்ந்து 1923இல் ஸ்டான்ஃபோர்டு அடைவுத் தேர்வை வெளியிட்டார். அயோவா பல்கலைக்கழகத்தில் லிண்ட்குவிஸ்ட் 1929 முதல் மாநிலம் தழுவிய தேர்வுகளை நடத்தினார். அவற்றின் தொடர்ச்சியாக 1935இல் அடிப்படைத் திறன் தேர்வு வந்தது. பென்சிற் குறிகளைப் படித்து மதிப்பெண்ணிடும் ஐ.பி.எம். இயந்திரம் 1938இல் விற்பனைக்கு வந்தது. அதை முதலில் வடிவமைத்தவர் ஒரு பள்ளியாசிரியர் என்பது சுவையான செய்தி.

இத்தேர்வுகள் செயற்படும் முறை எளியது. தேர்வை வெளியிடுமுன் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து எழுதச் செய்வார்கள். இவர்களே ஒப்பீட்டுக் குழு. அவர்களுடைய மதிப்பெண்களை வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை தயாரிப்பார்கள். பின்னர் பல ஆண்டுகள் அத்தேர்வை எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த அட்டவணையோடுதான் ஒப்பிடப்படும். பக்கத்து இருக்கையில் அமர்ந்து எழுதிய பிள்ளையோடு அன்று. என்றோ எழுதி, வகுப்பு மாறி, பள்ளியை விட்டே போய்விட்ட பிள்ளைகளோடு. இந்த நுட்பம் பெற்றோருக்கு அனுப்பப்படும் தாளில் ஒற்றை எண்ணுக்குள் மறைந்துவிடுகிறது.

நடுவிலே நெருக்கம், ஓரத்திலே வெளி

நூற்றுமானத்தின் படிகள் சம உயரமுடையவை அல்ல. ஒரு பெருங்கூட்டத்தின் மதிப்பெண்கள் பொதுவாக நடுவில் குவிந்தும் இரு ஓரங்களில் மெலிந்தும் அமையும். சராசரி 500, திட்டவிலக்கம் 100 என்ற அளவுகோலைக் கொள்வோம். 50ஆம் நூற்றுமானத்தில் இருப்பவர் 500 பெற்றவர். 60இல் இருப்பவர் ஏறத்தாழ 525. பத்துப் படி ஏற 25 புள்ளிகள் போதும். ஆனால் 89இலிருந்து 99க்கு ஏற ஏறத்தாழ 110 புள்ளிகள் வேண்டும். அதே பத்துப் படிதான். உழைப்போ நான்கு மடங்குக்கு மேல்.

இதன் விளைவுகள் வகுப்பறையில் நேரடியாகத் தெரிபவை. சராசரிக்கு அருகில் இருக்கும் பிள்ளை, ஒரு காலை காய்ச்சலோடு தேர்வெழுதி இரண்டு வினாக்களைத் தவறவிட்டாலே பல படிகள் இறங்கிவிடுவாள். போன ஆண்டு 58, இந்த ஆண்டு 51 என்பதைக் கண்டு கலங்குவோர், அந்த ஏழு படிகளுக்குப் பின்னால் இருப்பது ஒன்றிரண்டு வினாக்களாக இருக்கலாம் என்பதை அறிவதில்லை. சமமற்ற படிகளைக் கூட்டிச் சராசரி காண்பதும் பிழை. வாசிப்பில் 99, கணக்கில் 51 பெற்றவரை 75 என்று சுருக்கினால் அந்த எண்ணுக்குப் பொருளே இராது.

மற்றொன்று இதனினும் முக்கியமானது. மூன்றாம் வகுப்பில் 40, நான்காம் வகுப்பில் 40, ஐந்தாம் வகுப்பிலும் 40 என்று நிற்கும் பிள்ளை எதையும் கற்கவில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. அவ்வாறன்று. மற்ற பிள்ளைகளும் ஒவ்வோர் ஆண்டும் முன்னேறிச் செல்கின்றனர். அந்த ஓட்டத்தில் இடத்தை இழக்காமல் உடன் ஓடியிருக்கிறாள் என்பதே பொருள். ஓடும் தேரில் அமர்ந்திருப்பவர் அசையாதவர்போல் தோன்றுவது பார்வையின் மயக்கம்.

எல்லோரும் சராசரிக்கு மேல்

'யாரோடு ஒப்பிட்டு?' என்ற வினாவைப் பொதுவெளியில் உரக்கக் கேட்டவர் கல்வியாளர் அல்லர். மேற்கு வர்ஜீனியாவில் பணியாற்றிய ஜான் ஜேக்கப் கேனல் என்ற மருத்துவர். தம்மிடம் வந்த இளம் நோயாளிகள் பலருக்கு வாசிக்கவே தடுமாற்றம் இருப்பதைக் கண்டார். ஆனால் மாநிலத்தின் மாணவர்கள் தேசியச் சராசரிக்கு மேலே இருப்பதாக அறிக்கைகள் கூறின. ஏழ்மையும் கல்விக்குறையும் மிகுந்த தம் மாநிலமே சராசரிக்கு மேல் என்றால் கீழே இருப்பது யார் என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. ஒவ்வொரு மாநிலமாக விசாரித்து, 1987இல் தம் சொந்த முயற்சியில் ஓர் அறிக்கை வெளியிட்டார். தொடக்கப்பள்ளி அளவில் ஐம்பது மாநிலங்களுமே தேசியச் சராசரிக்கு மேல் இருப்பதாகத் தெரிவித்துக்கொண்டிருந்தன.

கேரிசன் கெய்லர் என்பவரின் வானொலி நிகழ்ச்சியில் லேக் வோபிகன் என்றொரு கற்பனை ஊர் வரும். அவ்வூர்ப் பிள்ளைகள் அனைவரும் சராசரிக்கு மேற்பட்டவர்கள் என்பது அதில் வழக்கமான நகைச்சுவை. கேனல் கண்டறிந்த விந்தைக்கு 'லேக் வோபிகன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அரசின் கல்வித்துறை உதவியுடன் ராபர்ட் லின் முதலானோர் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வும் தொடக்க வகுப்புகளைப் பொறுத்தவரை அவர் சொன்னதைப் பெரிதும் உறுதிப்படுத்தியது.

காரணங்கள் பல. ஒப்பீட்டுக் குழுவின் அட்டவணை பல ஆண்டுகள் பழையதாகிவிட்டிருந்தது. அதே வினாத்தாள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பயன்பட்டதால் ஆசிரியர்கள் அதற்கேற்பப் பாடம் நடத்தப் பழகினர். சில இடங்களில் பின்தங்கிய பிள்ளைகள் தேர்விலிருந்து விலக்கப்பட்டனர். வெளிப்படையான முறைகேடுகளும் நடந்ததாகக் கேனல் குற்றஞ்சாட்டினார்.

டேனியல் கோரெட்ஸ் உள்ளிட்டோர் 1991இல் முன்வைத்த ஆய்வு இதை நுட்பமாக விளக்கியது. பெயர் சொல்லப்படாத ஒரு பெரிய மாவட்டம், பழகிய தேர்வை விட்டு வேறொரு தேர்வுக்கு மாறியது. மூன்றாம் வகுப்புக் கணிதத்தில் முடிவுகள் ஏறத்தாழ அரைக் கல்வியாண்டு அளவுக்குச் சரிந்தன. நான்காண்டுகளில் புதிய தேர்விலும் முடிவுகள் பழைய உயரத்திற்கு ஏறின. அப்போது ஆய்வாளர்கள் கைவிடப்பட்ட பழைய தேர்வையே பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தனர், அதில் சரிவு. பிள்ளைகள் கற்றது கணிதத்தை மட்டுமன்று, அந்தந்த வினாத்தாளையும்தான். அறிவு வளர்ந்திருந்தால் இரண்டு தாள்களிலும் தெரிந்திருக்கவேண்டுமே!

பழைய மாணவர்களின் நிழல்

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் கதை இன்னொரு பாடம். 1926இல் தொடங்கிய அத்தேர்வின் அளவுகோல் 1941இல் எழுதிய பத்தாயிரத்துச் சொச்சம் மாணவர்களைக் கொண்டு நிலைநிறுத்தப்பட்டது. அவர்களின் சராசரி 500. அக்காலத்தில் அத்தேர்வை எழுதியோர் சிறு தொகையினர். வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் தனியார் பள்ளிகளிலிருந்தும் மிகுதியாக வந்தோர். அரை நூற்றாண்டில் எழுதுவோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. பல இனத்தவரும் பல வகுப்பினரும் உள்ளே வந்தனர். 1990களின் தொடக்கத்தில் மொழிப்பகுதியின் சராசரி ஏறத்தாழ 425ஆக இருந்தது. 500 பெற்ற மாணவர் தாம் நடுவில் இருப்பதாக எண்ணுவார். உண்மையில் தம் காலத்தவரில் நடுவுக்கு மிகவும் மேலே நிற்பார். 1995 ஏப்ரலில் அளவுகோலைத் திருத்தி, சமகால மாணவர்களின் சராசரி மீண்டும் 500 வருமாறு அமைத்தனர். தரத்தைத் தாழ்த்திவிட்டார்கள் என்ற கூக்குரல் எழுந்தது. வரிசையில் எவருடைய இடமும் மாறவில்லை என்பதைக் கவனித்தோர் சிலரே.

2016இல் புதுப்பிக்கப்பட்ட எஸ்.ஏ.டி. முடிவுத் தாளில் ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு நூற்றுமானங்கள் தரப்பட்டன. ஒன்று, தேர்வெழுதும் வழக்கமே இல்லாதோரையும் உள்ளடக்கிய நாட்டு மாணவர் அனைவரோடும் ஒப்பிட்டது. மற்றொன்று, கல்லூரி நாடித் தேர்வெழுதுவோரோடு மட்டும் ஒப்பிட்டது. முன்னது பொதுவாக உயர்ந்திருக்கும். தன்னினும் குறைவாகப் பெற்றோரை மட்டும் எண்ணுவதா, தனக்குச் சமமாகப் பெற்றோரையும் சேர்ப்பதா என்பதிலும் அப்போது இரண்டாம் முறைக்கு மாறினர். எண்ணும் முறை மாறினால் எண்ணும் மாறும்.

மாற்று வழிகளும் நம் வாசலும்

வரிசையை விட்டுப் பொருளை அளக்கலாகாதா என்ற கேள்வியும் பழையதே. உளவியலாளர் ராபர்ட் கிளேசர் 1963இல், பிறரோடு ஒப்பிடும் அளவை, குறித்த தகுதியோடு ஒப்பிடும் அளவை என்ற வேறுபாட்டைத் தெளிவாக முன்வைத்தார். நீந்தத் தெரியுமா என்று அறிய, ஊரில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியாது என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 2002 ஜனவரியில் கையொப்பமான அமெரிக்கக் கல்விச் சட்டம் இந்த இரண்டாம் வழியை நாடியது. 2014க்குள் பிள்ளைகள் அனைவரும் தேர்ச்சி நிலையை எட்டவேண்டும் என்றது. எங்கும் எட்டப்படாத அந்த இலக்கு 2015இல் வேறொரு சட்டத்தால் கைவிடப்பட்டது. தேர்ச்சி என்ற கோட்டை ஒவ்வொரு மாநிலமும் தான் விரும்பிய உயரத்தில் வரைந்துகொண்டது. வரிசையை ஒழித்த இடத்தில் கோட்டின் அரசியல் குடிபுகுந்தது. கொலராடோ மாநிலம் 2009 வாக்கில் வளர்ச்சி நூற்றுமானம் என்ற முறையைக் கொண்டுவந்தது; முன்னாண்டுகளில் தன்னையொத்த மதிப்பெண் பெற்றிருந்த பிள்ளைகளோடு மட்டுமே ஒரு பிள்ளை ஒப்பிடப்படும். 'யாரோடு?' என்ற வினாவுக்கு ஓரளவு நேர்மையான விடை இது. எனினும் இதுவும் வரிசைதான்.

நம் நாட்டில் பள்ளி முடித்தோர் இந்த அளவை இன்று நுழைவுத் தேர்வுகளில் சந்திக்கின்றனர். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு பல அமர்வுகளாக, வெவ்வேறு வினாத்தாள்களுடன் நடப்பதால், 2019 முதல் ஒவ்வொருவரும் தம் அமர்வில் எழுதியோருடன் ஒப்பிடப்பட்டு நூற்றுமானம் பெறுகின்றனர். அமர்வுகள் அனைத்திலும் மாணவர் கூட்டம் ஏறக்குறைய ஒரே தரத்தது என்ற அனுமானத்தின் மேல்தான் அக்கணக்கு நிற்கிறது. இளநிலை மருத்துவத்துக்கான நீட் தேர்வில் பொதுப் பிரிவினர்க்குத் தகுதி வரம்பு 50ஆம் நூற்றுமானம். 720 மதிப்பெண்ணில் அந்தக் கோடு 2020இல் 147, 2022இல் 117, 2023இல் 137. 130 மதிப்பெண் பெற்ற ஒருவர் 2022இல் தகுதியுடையவர். மற்ற இரண்டு ஆண்டுகளில் தகுதியற்றவர். அவருடைய உயிரியல் அறிவு மாறவில்லை. உடன் எழுதியோரும் வினாத்தாளும் மாறினர். முதுநிலை நீட் தேர்வில் இடங்கள் நிரம்பாமற்போக, 2023 செப்டம்பரில் வரம்பு 0 நூற்றுமானமாகக் குறைக்கப்பட்டது. தேர்வெழுதிய அனைவரும் தகுதியுடையோர் என்பதே அதன் பொருள். தகுதி என்ற சொல்லை வரிசை எண்ணின்மேல் கட்டினால் இத்தகைய முடிவுகளையும் ஏற்கத்தான் வேண்டும்.

இவ்வளவும் சொல்வதால் நூற்றுமானத்தைத் தூக்கியெறிய வேண்டும் என்பது நம் கருத்தன்று. எளிய வினாத்தாளில் வாங்கிய 95ஐக் கண்டு ஏமாறாமலும், கடிய வினாத்தாளில் வாங்கிய 45ஐக் கண்டு உடையாமலும் இருக்க அது உதவும். உதவி தேவைப்படும் பிள்ளையை ஆசிரியர் முன்கூட்டியே அடையாளம் காணவும் பயன்படும். ஆனால் அதைக் கையில் எடுப்போர், எந்தக் குழுவோடு ஒப்பிட்டது, எந்த ஆண்டுக் குழு, அந்த இடத்தில் ஒரு படி என்பது எத்தனை வினா என்னும் மூன்றையும் கேட்டறியவேண்டும். இவற்றுக்கு விடை கிடைக்காத தாளில் உள்ள எண் அரைகுறைச் செய்தியே.

அந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. எந்த வரிசையிலும் பாதிப் பேர் நடுவுக்குக் கீழேதான் நிற்பர். நாட்டின் ஆசிரியர்கள் அனைவரும் நாளையே சிறந்தவர்களாகிப் பிள்ளைகள் அனைவரும் இருமடங்கு கற்றாலும், அவர்களைக் கொண்டு புதிதாக வகுக்கும் அட்டவணையில் பாதிப் பேர் 50க்குக் கீழேதான். அது கணிதத்தின் விதி. அந்தப் பிள்ளைகளின் குறையன்று. இதை உணராத சமூகம் ஆண்டுதோறும் தன் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு, அவர்கள் என்ன கற்றிருந்தாலும், தோல்வி என்று எழுதிக் கொடுத்துக்கொண்டேயிருக்கும்.